வண்டியும் குறைந்தது, காத்திருப்பும் குறைந்தது: பகிர்வு வண்டி சிமுலேஷனில் பிழை தேடும் வழி

அழைத்தால் வருகிற, போகிற வழியில் இன்னொருவரையும் ஏற்றிக்கொள்கிற வண்டிச் சேவை ஒரு நகரத்தில் தேறுமா என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. மாட்சிம், சுமோ என்ற இரண்டு போக்குவரத்து சிமுலேஷன் மென்பொருள்களிலும் ஓட்டியிருக்கிறேன். சொந்தமாக எழுதிய பைத்தான் நிரலிலும் ஓட்டியிருக்கிறேன். மென்பொருள் மாறினாலும் பிசகுகள் மாறுவதில்லை. ஒரே பிசகை மூன்றாவது முறையாகத் தேடி ஒரு நாள் முழுவதும் வீணானபோது இந்தக் குறிப்பை எழுத ஆரம்பித்தேன்.

உங்கள் திரையில் தெரியும் அறிகுறி எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவும் நேரமும் குறைவாகப் பிடிக்கும் சோதனை முதலில் வரும். பிழைச் செய்தி காட்டி நின்றுபோகும் ஓட்டத்தைப் பற்றி இங்கே அதிகம் இல்லை, அது தன் குறையைத் தானே சொல்லிவிடும். சிவப்பு எழுத்து ஒன்றுகூட இல்லாமல் முடிந்து, கண்ணுக்கு அழகான எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகிறதே, அந்த ஓட்டத்துக்குத்தான் இந்தக் குறிப்பில் இடம் அதிகம்.

## எதையும் மாற்றும் முன்

ஓட்டத்தின் அமைப்புகள் எல்லாம் இருக்கும் கான்ஃபிக் கோப்பை நகலெடுத்து வையுங்கள். தற்செயல் எண்களின் வரிசை எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லும் ரேண்டம் சீடை ஓர் எண்ணில் நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்.

பிறகு ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு, காலை முதல் இரவு வரை அது எங்கே போனது, யாரை ஏற்றியது, எங்கே சும்மா நின்றது என்று, ஓட்டத்தில் நடந்ததையெல்லாம் பதியும் நிகழ்வுக் கோப்பிலிருந்து வரிவரியாகப் படியுங்கள். வண்டி கிடைக்காமல் போன பயணி ஒருவரையும் அப்படியே பின்தொடருங்கள். அரை மணி நேர வேலை. வரைபடம், சராசரி எல்லாவற்றையும் விட இது எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

## ஓட்டம் தொடங்கியதும் நின்றுவிடுகிறது

"பாதை இல்லை" என்று சொன்னால்: சாலை நெட்வொர்க் துண்டுபட்டிருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வெட்டி எடுத்த பகுதியின் ஓரங்களில், உள்ளே போக வழியிருந்தும் வெளியே வர வழியில்லாத ஒருவழிச் சாலைகள் மிஞ்சிவிடும். எந்த முனையிலிருந்தும் எந்த முனைக்கும் போய்வரக்கூடிய மிகப் பெரிய பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். மாட்சிமில் இதற்கென்றே நெட்வொர்க் கிளீனர் இருக்கிறது. நீக்கிய பிறகு, நீக்கிய சாலையில் ஒட்டியிருந்த பயணிகளையும் வண்டி நிலையங்களையும் மறுபடி ஒட்டவைக்க மறக்கக் கூடாது.

எல்லாப் பயணிகளும் கடலுக்குள் நின்றால்: அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன. அல்லது சாலைகள் மீட்டரிலும் பயணிகள் டிகிரியிலும் இருக்கிறார்கள்.

நினைவகம் போதவில்லை என்றால்: கணினியில் எவ்வளவு நினைவகம் இருந்தாலும், நீங்கள் சொல்லாவிட்டால், மாட்சிமை ஓட்டும் ஜாவா வழக்கமாக அதில் கால் பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். புதுக் கணினி வாங்கும் முன் ஜாவாவுக்கு ஒதுக்கும் நினைவகத்தை (ஹீப் அளவை) உயர்த்திப் பாருங்கள்.

## வண்டிகள் சும்மா நிற்கின்றன, கோரிக்கைகளோ மறுக்கப்படுகின்றன

முதலில் அலகுகளைப் பாருங்கள். மாட்சிம் நெட்வொர்க்கில் வேகம் நொடிக்கு மீட்டர் கணக்கு. நொடிக்கு 10 மீட்டர் என்று போட வேண்டிய இடத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர் என்று நினைத்து 36 போட்டால் வண்டிகள் மும்மடங்குக்கு மேல் பறக்கும். தலைகீழாக, 10-ஐ இன்னொரு முறை 3.6-ஆல் வகுத்துவிட்டால் வண்டிகள் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்துவிடும். எந்தக் கோரிக்கையையும் நேரத்துக்குள் எட்ட முடியாது. காத்திருப்பு உச்சவரம்பை 600 நொடி என்பதற்குப் பதிலாக 10 என்று எழுதியவர்களில் நானும் ஒருவன்.

அலகு சரியென்றால் அடுத்தது வரம்புகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்பது. மாட்சிமில் ஒருவர் அதிகபட்சம் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதை, நேராகப் போனால் ஆகும் நேரத்தை ஆல்ஃபாவால் பெருக்கி, பீட்டாவைக் கூட்டிக் கணக்கிடுகிறார்கள். இந்த நேரத்துக்குள் காத்திருப்பும் அடக்கம். ஆல்ஃபா 1.5, பீட்டா 2 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 நிமிடப் பயணத்துக்கு வரம்பு 8 நிமிடம். அதில் 4 நிமிடம் வண்டிக்குள்ளேயே போய்விடும். மிச்சம் 4 நிமிடத்துக்குள் வண்டி வந்து ஆளை ஏற்றியாக வேண்டும். காத்திருப்பு வரம்பு 10 நிமிடம் என்று தாராளமாகப் போட்டிருந்தாலும் அது செல்லாது. குறுகிய பயணம் போகிறவர்கள்தான் கொத்துக்கொத்தாக மறுக்கப்படுகிறார்கள் என்று தெரிந்தால் காரணம் இதுதான். மறுக்கப்பட்டவர்களை நேர்ப் பயண நேரத்தின்படி அடுக்கிப் பாருங்கள், பளிச்சென்று தெரியும். பீட்டாவைக் கூட்டினால் போதும்.

அதுவும் இல்லையென்றால் வண்டிகள் நிற்கும் இடத்தைப் பாருங்கள். எல்லா வண்டியும் ஒரே டிப்போவில் கிளம்பினால், நகரத்தின் மறுகோடியில் இருப்பவர்களுக்குக் காலையில் எதுவும் கிடைக்காது. முதல் ஒரு மணி நேரத்தைக் கணக்கிலிருந்து விலக்கிப் பாருங்கள். மறுப்பு சட்டென்று குறைந்தால் அது சேவையின் குறை அல்ல, தொடக்க நிலையின் குறை. நாள் முழுக்க இப்படியே இருந்தால் காலி வண்டிகளைத் தேவை இருக்கும் பக்கம் நகர்த்தும் ஏற்பாடு அணைந்து கிடக்கிறது.

## காத்திருப்பு நம்ப முடியாத அளவுக்குக் குறைவு

இங்கேதான் நிதானம் வேண்டும். இந்த அறிகுறியை யாரும் பிசகு என்று நினைப்பதில்லை, வெற்றி என்று நினைத்து அறிக்கையில் போட்டுவிடுகிறார்கள். ஒருமுறை நான் வண்டி எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போக, சராசரிக் காத்திருப்பும் குறைந்துகொண்டே போனது. வரைபடம்கூடத் தயார். கூட்டத்துக்கு முதல் நாள் இரவு, கூட வேலை செய்த பெண் ஒரே கேள்விதான் கேட்டார்: "மிச்ச ஆட்கள் எங்கே சார்?"

மறுக்கப்பட்டவர்கள் கணக்கில் இருக்கிறார்களா? சராசரிக் காத்திருப்பு என்பது வண்டி ஏறியவர்களின் சராசரி. காத்திருப்புக்கு உச்சவரம்பு வைத்து, அதைத் தாண்டினால் மறுத்துவிடு என்று சொல்லியிருந்தால், எத்தனை வண்டியைக் குறைத்தாலும் அந்தச் சராசரி வரம்பைத் தாண்டவே முடியாது. தூரத்தில் இருப்பவர்கள் முதலில் கழிந்துபோவார்கள். நடுநகரத்தில் இருப்பவர்கள் மிஞ்சுவார்கள். அவர்களுக்கு வண்டி எப்போதும் பக்கத்தில். சராசரி குறையாமல் என்ன செய்யும்? மறுப்பு விகிதத்தைப் பக்கத்தில் எழுதாமல் காத்திருப்பை எங்கேயும் எழுதாதீர்கள். இரண்டு திட்டங்களை ஒப்பிடுவதாக இருந்தால், இரண்டிலும் மறுப்பு விகிதம் ஏறத்தாழ ஒன்றாக வரும்வரை வண்டி எண்ணிக்கையை மாற்றி, பிறகு காத்திருப்பை ஒப்பிடுங்கள்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? கோரிக்கை வைத்த நொடியிலிருந்தா, எந்த வண்டி யாருக்கு என்று முடிவெடுக்கும் டிஸ்பாட்ச் ஒப்புக்கொண்ட நொடியிலிருந்தா? சுமோவில் டாக்சிக் கோரிக்கைகளைப் பிரித்துக்கொடுக்கும் இடைவெளி இயல்பாக 60 நொடி. ஒப்புதலிலிருந்து எண்ணினால் சராசரியாக அரை நிமிடம் காணாமல் போகும். முன்பதிவு இருந்தால் இன்னும் மோசம்: சொன்ன நேரத்திலிருந்து எண்ணுவதும் பதிவு செய்த நேரத்திலிருந்து எண்ணுவதும் வெவ்வேறு உலகம்.

கடைசியில் யார் தொங்குகிறார்கள்? ஓட்டம் முடியும்போது இன்னும் காத்துக்கொண்டிருப்பவர்களைப் பல நிரல்கள் சத்தமில்லாமல் விட்டுவிடும். அதிக நேரம் காத்தவர்களே அவர்களாகத்தான் இருப்பார்கள். கோரிக்கைகளை ஒரு நேரத்தோடு நிறுத்திவிட்டு, கடைசி ஆள் இறங்கும்வரை ஓட்டத்தை நீட்டுங்கள்.

ஏறி இறங்க நேரம் பிடிக்கிறதா? நிறுத்த நேரம் சுழியமாக இருந்தால் பயணிகள் ஓடும் வண்டியிலேயே தாவி ஏறுகிறார்கள் என்று பொருள். மாட்சிமில் இதற்குத் தனி அளவுரு உண்டு. வேறொருவர் தந்த கான்ஃபிக்கில் முதலில் நான் பார்ப்பது இதைத்தான்.

வண்டிகள் மாயமாகத் தாவுகின்றனவா? சுமோவில் 300 நொடிக்கு மேல் நெரிசலில் சிக்கி நகராமல் நிற்கும் வண்டியை மென்பொருளே தூக்கித் தடைக்கு அப்பால் போட்டுவிடும். இயல்பான அமைப்பே அதுதான். எச்சரிக்கை லாக்கில் டெலிபோர்ட் என்று எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். விரல்விட்டு எண்ணும் அளவென்றால் விட்டுவிடலாம். நூற்றுக்கணக்கில் வந்தால் சிக்னல்களும் சந்திப்புகளும் பிழையாக இருக்கின்றன. அதைச் சரிசெய்யாமல் வண்டிச் சேவையைப் பற்றி எதுவும் பேச முடியாது.

இத்தனையும் பார்த்த பிறகு ஒரு துண்டுக் காகிதக் கணக்கு. மணிக்கு 600 பேர் ஏறுகிறார்கள், சராசரிக் காத்திருப்பு 4 நிமிடம் என்று அறிக்கை சொன்னால், எந்த நொடியில் எட்டிப் பார்த்தாலும் ஏறக்குறைய 40 பேர் காத்து நிற்க வேண்டும். அதே 600 பேரும் சராசரியாக 12 நிமிடம் வண்டிக்குள் இருந்தால், எந்த நேரமும் 120 பேர் வண்டிகளுக்குள். 40 வண்டியில் இது முடிந்தது என்றால், காலி ஓட்டத்தையும் சேர்த்து வண்டிக்குச் சராசரியாக 3 பேர். இது நடக்கிற காரியமா? நிகழ்வுக் கோப்பிலிருந்து இந்த மூன்று எண்ணையும் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் பிசகு சேவையில் இல்லை, உங்கள் அறிக்கை நிரலில்.

## ஒரு வண்டியில் ஒருவருக்கு மேல் ஏறுவதே இல்லை

மலிவான காரணம்: டிஸ்பாட்ச் முறைக்குப் பகிரவே தெரியாது. சுமோவில் இயல்பாக வரும் கிரீடி முறை ஆளுக்கொரு வண்டி அனுப்பும். கிரீடி-ஷேர்ட் முறை வழியில் இன்னும் ஒருவரைச் சேர்க்கப் பார்க்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் ரூட்-எக்ஸ்டென்ஷன் முறைக்கு மாற வேண்டும், அல்லது சுமோவை வெளியிலிருந்து இயக்க உதவும் டிராசி வழியாக உங்கள் டிஸ்பாட்சை இணைக்க வேண்டும்.

அடுத்தது: வண்டியின் இருக்கை எண்ணிக்கை, சுற்றிப் போவதற்கான வரம்பு. ஆல்ஃபா 1.1 என்று கஞ்சத்தனம் செய்தால் யாரோடும் யாரும் பொருந்த மாட்டார்கள்.

அதிகம் பேர் விழும் குழி: 10% சாம்பிள். முழு மக்கள்தொகையையும் ஓட்ட நாள்கணக்கில் ஆகும் என்பதால் பத்தில் ஒரு பங்கு பயணிகள், பத்தில் ஒரு பங்கு வண்டிகள், சாலைக் கொள்ளளவிலும் பத்தில் ஒரு பங்கு என்று சுருக்குவது வழக்கம். சொந்தக் கார் நெரிசலைப் பார்க்க இது ஓரளவு தாங்கும். பகிர்வு வண்டிக்குத் தாங்காது. இந்தச் சேவையின் உயிரே நெருக்கம்தானே: ஒரே திசையில், ஒரே நேரத்தில், பக்கத்துத் தெருவில் இன்னொருவர் இருக்க வேண்டும். அவர் சாம்பிளில் கழிந்துபோயிருப்பார். காலி வண்டியும் அப்படியே. சீராகச் சிதறிய வண்டிகளில் மிக அருகில் இருப்பதன் தூரம், அடர்த்தியின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் போகும். அடர்த்தி பத்தில் ஒன்றானால் அந்தத் தூரம் ஏறக்குறைய 3.2 மடங்கு. கிடைத்த வண்டி எண்ணிக்கையைக் கடைசியில் பத்தால் பெருக்கினால் தேவைக்கு மேல் வண்டி கேட்பீர்கள்.

சோதனை எளிது: 10%, 25%, 50% என்று மூன்று ஓட்டம். பகிர்வு விகிதம் ஏறிக்கொண்டே போனால் சாம்பிள்தான் காரணம். நான் செய்வது, பின்னணிப் போக்குவரத்தைச் சுருக்கிய சாம்பிளில் ஓட்டி சாலைகளின் பயண நேரத்தை எடுத்துக்கொண்டு, பகிர்வு வண்டிக் கோரிக்கைகளை மட்டும் 100% எடுத்து அந்தப் பயண நேரங்களின் மேல் ஓட்டுவது. பகிர்வு வண்டிகள் எண்ணிக்கையில் குறைவாக இருக்கும்வரை இது செல்லும்.

எல்லாம் சரி, இன்னும் பகிரவில்லை என்றால்: தேவையே அவ்வளவு அடர்த்தியாக இல்லை. அதைச் சரிசெய்ய அளவுரு கிடையாது. ஹெல்சிங்கியில் 2012 முதல் 2015 இறுதிவரை ஓடிய குட்சுபிளஸ் என்ற அழைப்பு வண்டிச் சேவையில் இருந்தவை 15 மினிபஸ்கள்; அவ்வளவு சிறிய அளவில் பயணங்களை ஒன்றோடொன்று பொருத்துவது எவ்வளவு சிரமம் என்பதை ஊகிக்கலாம். இங்கே சிமுலேஷன் உண்மையைத்தான் சொல்கிறது.

## தலைகீழ்: எல்லோரும் அளவுக்கு மீறிப் பகிர்கிறார்கள்

பயணிகள் எங்கிருந்து கிளம்புகிறார்கள் என்று வரைபடத்தில் புள்ளி வையுங்கள். சில நூறு புள்ளிகள் மட்டும் தெரிந்தால், மண்டலத்தின் நடுப்புள்ளியில் எல்லோரையும் குவித்திருக்கிறீர்கள். நியூயார்க் டாக்சிப் பதிவுகளை எடுப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும்: 2016 நடுப்பகுதிவரை ஏறிய, இறங்கிய இடத்தின் ஆயங்கள் இருந்தன, அதற்குப் பின் மண்டல எண் மட்டுமே. நடுப்புள்ளியில் வைத்தால் ஒரே மண்டலத்து ஆட்கள் ஒரே வாசலில் நிற்பார்கள், வண்டி ஒரே நிறுத்தத்தில் எல்லோரையும் அள்ளிக்கொள்ளும். மண்டலத்துக்குள் கட்டடங்கள் இருக்கும் இடங்களில் சிதறவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

அந்தப் பதிவுகளில் இன்னொரு கண்ணியும் உண்டு. அதில் இருப்பவர்கள் டாக்சி கிடைத்தவர்கள். கைகாட்டி நின்று, கிடைக்காமல் நடந்துபோனவர்கள் எந்தக் கோப்பிலும் இல்லை.

13,000-க்கும் மேற்பட்ட டாக்சிகள் செய்யும் பயணங்களில் 98 சதவீதத்தை நான்கு இருக்கை வண்டிகள் 3,000 செய்துவிடும் என்று 2017-இல் வந்த நியூயார்க் ஆய்வைச் சுட்டிக்காட்டி, "நமக்கு ஏன் அப்படி வரவில்லை?" என்று யாராவது கேட்பார்கள். மன்ஹாட்டன் அடர்த்தி உங்கள் நகரத்தில் இருக்கிறதா என்று திருப்பிக் கேளுங்கள்.

## ஒவ்வொரு முறையும் வேறு விடை

சீடை மாற்றாமல் இரண்டு முறை ஓட்டுங்கள். அப்போதும் விடை மாறினால் பல திரெட்கள் (இணையாக ஓடும் வேலைகள்) சேர்ந்து ஓடும் இடத்தில் வரிசை கலைகிறது. ஒரே திரெட்டில் ஓட்டி உறுதிசெய்யுங்கள். சொந்த நிரல் என்றால், வரிசை உறுதியில்லாத செட், ஹேஷ் அமைப்புகளைச் சுற்றிவரும் லூப் எங்காவது இருக்கும்.

சீடை மாற்றினால்தான் மாறுகிறது என்றால் அது பிழையே அல்ல. பத்து சீடில் ஓட்டிப் பரவலைப் பாருங்கள். ஒப்பிடும்போது இரண்டு திட்டத்துக்கும் அதே பத்து சீடைக் கொடுத்து, சீடுக்குச் சீடு வித்தியாசத்தை எடுங்கள். ஒரே ஓட்டத்தை வைத்து "12 நொடி முன்னேற்றம்" என்று எழுதிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். சீடை மாற்றினாலே அதைவிட அதிகம் ஆடும்.

## சுற்றுக்குச் சுற்று பயணிகள் எண்ணிக்கை ஊசலாடுகிறது

பயணிகள் தாங்களே போக்குவரத்து முறையைத் தேர்ந்தெடுக்கும் மாடலில் இது வரும். அதில் ஒரே நாளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று. ஒரு சுற்றில் வண்டிகள் காலி, சேவை பிரமாதம். அடுத்த சுற்றில் எல்லோரும் அதிலேயே வந்து விழுகிறார்கள். அதற்கடுத்த சுற்றில் வெறுத்து ஓடுகிறார்கள்.

முதலில் சுற்றுகளைக் கூட்டுங்கள். கூடவே, ஒரு சுற்றில் முறையை மாற்ற அனுமதிக்கப்படும் பயணிகளின் பங்கைக் குறையுங்கள். கடைசிச் சுற்றுகளில் புதிய தேர்வுகளை நிறுத்திவையுங்கள். மொத்தத்தில் 80% ஆனதும் நிறுத்துவது பலரும் செய்வது. காத்திருப்பு எதிர்பார்ப்பை நேற்றைய ஒரே சுற்றிலிருந்து எடுக்காமல் பல சுற்றுகளின் சராசரியிலிருந்து எடுங்கள். கடைசியாக, மறுக்கப்பட்டவரின் நாளுக்கு மாடல் போடும் மதிப்பெண்ணைப் பாருங்கள். வண்டி கிடைக்காததற்கு எந்தத் தண்டனையும் இல்லாவிட்டால் அவர் ஒவ்வொரு நாளும் அதே வண்டிக்காக நிற்பார்.

## காலி ஓட்டம் அதிகம்

பெரும்பாலும் காலி வண்டிகளை நகர்த்தும் ஏற்பாட்டின் அதீத உற்சாகம். அதை அணைத்து ஓர் ஓட்டம். காலிக் கிலோமீட்டர் பாதியாகக் குறைந்து காத்திருப்பு கொஞ்சமே கூடினால் நகர்த்தும் இடைவெளியை நீட்டுங்கள். சுமோவில் சும்மா இருக்கும் டாக்சிக்கு ரேண்டம்-சர்க்கிளிங் போட்டிருந்தால் அது வேலையில்லாமல் ஊர் சுற்றும். ஸ்டாப் என்று மாற்றுங்கள்.

## ஓட்டம் முடிய மாட்டேன் என்கிறது

ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒவ்வொரு வண்டியின் நிறுத்த வரிசையில் ஒவ்வொரு இடைவெளியிலும் பொருத்திப் பார்த்தால் கணக்கு பெருகத்தான் செய்யும். பக்கத்தில் இருக்கும் முப்பது நாற்பது வண்டிகளை மட்டும் பாருங்கள். முழுத் தேடலோடு ஒரு மணி நேரத்துக்கு ஒப்பிட்டு, தரம் குறையவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பயண நேரங்களை முன்கூட்டியே அட்டவணையாக்கி வையுங்கள். இதற்குப் பிறகுதான் பெரிய சர்வர்.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

சாலைகளில் உங்கள் மாடல் காட்டும் வண்டி எண்ணிக்கை, நேரில் எடுத்த போக்குவரத்துக் கணக்கெடுப்போடு பொருந்தவில்லை, அலகு, கொள்ளளவு, சிக்னல் எல்லாம் பார்த்தாயிற்று என்றால் போக்குவரத்துப் பொறியாளரிடம் போங்கள். இரண்டு நாளுக்கு மேல் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம்.

"மக்கள் பேருந்தை விட்டு இதற்கு மாறுவார்களா?" என்ற கேள்விக்கு விடை உங்கள் கையில் இல்லை. இந்த வண்டி மக்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று மாடலில் வைக்கும் மாறிலியை, விரும்பிய பங்கு வரும்வரை திருகிக்கொண்டிருந்தால் நீங்கள் விடையை நீங்களே எழுதுகிறீர்கள். தேர்வு மாடல் தெரிந்தவரை வைத்துக் கணக்கெடுப்பு நடத்த வேண்டும். இருப்பதிலேயே செலவு பிடிப்பது இதுதான், மாதக்கணக்கில் ஆகும். பணம் இல்லையென்றால் அந்தப் பங்கை 2%, 5%, 10% என்று வைத்து மூன்று ஓட்டம் ஓட்டி, மூன்றையும் அறிக்கையில் போடுங்கள்.

ஓட்டுநர் ஷிஃப்ட், இடைவேளை, மின்வண்டியின் சார்ஜ் நேரம் ஆகியவற்றை மாடலில் சேர்க்காமல் செலவுக் கணக்குப் போடும்படி யாராவது கேட்டால், வண்டிகளை உண்மையில் ஓட்டுகிற மேலாளர் ஒருவரிடம் உங்கள் வண்டி நாள் பட்டியலைக் காட்டுங்கள். நான் காட்டியபோது அவர் இரண்டாவது வரியிலேயே விரலை வைத்து, "இந்த டிரைவர் எப்ப சாப்பிடுவான்?" என்று கேட்டார். அந்த வண்டி பதினேழு மணி நேரம் நிற்காமல் ஓடியிருந்தது.